ஒரு மேசை, ஆறு மானிட்டர்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பங்குச்சந்தையில் தினசரி வர்த்தகம் செய்கிறேன். இரண்டு மானிட்டர் போதவில்லை, ஆறு வைக்க ஆசை. 12 ஜி.பி. கேமிங் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் ஆறும் ஓடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? என்னென்ன வாங்க வேண்டும்?
- வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: அந்தக் கார்டை வாங்கினாலும் ஆறு ஓடாது. கடைகளில் கிடைக்கும் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கேமிங் கார்டுகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும் ஒரே நேரத்தில் நான்கு மானிட்டருக்குத்தான் படம் தரும். பின்புறம் ஐந்து போர்ட் இருந்தாலும் நான்கோடு சரி. 12 ஜி.பி. என்பது கார்டின் நினைவக அளவு. அதற்கும் மானிட்டர் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. ஒரு ஃபுல் எச்.டி. திரையின் படம் நினைவகத்தில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 8 எம்.பி. ஆறுக்கும் சேர்த்து 50 எம்.பி. சார்ட் மென்பொருளும் பிரவுசரும் தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்றாலும் 4 ஜி.பி. கார்டே தாராளம். கார்டு வாங்கும்போது அதன் விவரப் பட்டியலில் அதிகபட்ச டிஸ்ப்ளே எத்தனை என்ற வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

உங்களுக்கு ஏற்ற வழி 4 + 2. நான்கு மானிட்டர் கார்டிலிருந்து, இரண்டு மதர்போர்டிலிருந்து.

கார்டுக்கு என்விடியா டி1000 அல்லது ஆர்.டி.எக்ஸ். ஏ400 பாருங்கள். இரண்டிலும் மானிட்டர் கேபிள் சொருகும் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் உண்டு, இரண்டும் 50 வாட்தான் எடுக்கும், தனி பவர் கேபிள் கேட்காது. பிராசசருக்கு இன்டெல் ஐ5-14400 போதும். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கக் கூடாது. எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் போர்ட் இருந்தும் அது வெறும் ஓட்டைதான். விலை கொஞ்சம் குறைகிறதே என்று எஃப் வகையை வாங்கிவிட்டால் இந்தத் திட்டமே நடக்காது. மதர்போர்டு பி760 வகையில், எச்.டி.எம்.ஐ. ஒன்றும் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்றும் இருப்பதாகக் கேளுங்கள். ராம் 16 ஜி.பி. இரண்டு, எஸ்.எஸ்.டி. 1 டி.பி., நல்ல நிறுவனத்தின் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி). அதற்கு மேல் வாட் தேவையில்லை.

மினி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் எல்லாக் கடையிலும் இருக்காது. கார்டு வாங்கும்போதே 2 மீட்டருக்கு மிகாமல் நான்கு கேபிள் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகும் மதர்போர்டில் மாட்டிய இரண்டு மானிட்டர் கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். தனிக் கார்டைக் கண்டதும் பல மதர்போர்டுகள் உள்ளிருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' அல்லது 'இன்டர்னல் கிராபிக்ஸ்' என்ற அமைப்பை 'எனேபிள்' செய்யுங்கள். முதன்மை டிஸ்ப்ளேயைக் கார்டுக்கே விடுங்கள். பிறகு விண்டோஸில் இன்டெல், என்விடியா இரண்டின் டிரைவரையும் (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) போட வேண்டும். ஒன்றோடொன்று சண்டை போடாது. நொடிக்கு நொடி மாறும் சார்ட்டுகளைக் கார்டின் நான்கு திரையில் வைத்து, ஆர்டர் புக், செய்தி, மெயில் போன்றவற்றை மதர்போர்டின் இரண்டில் வையுங்கள். கார்டு வரையும் ஜன்னலை மறுபக்கத் திரைக்கு இழுத்தால் ஒவ்வொரு படத்தையும் இங்கிருந்து அங்கே நகலெடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் சில சமயம் திக்கும்.

ஆறும் ஒரே மாடலாக, 24 அங்குல ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ். பேனலாக இருக்கட்டும். ஒன்றை 144 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) மற்றதை 60-லும் வைத்தால் கார்டு சும்மா இருக்கும் நேரத்திலும் வேகத்தைக் குறைக்காமல் சூடாகிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆறையும் 60-ல் வையுங்கள். கேபினெட்டில் முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன் கட்டாயம்.

மேலே மூன்று, கீழே மூன்று என அடுக்கும்போது, மூன்று மானிட்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அகலம் சுமார் 162 செ.மீ., அதாவது ஐந்தடி நாலங்குலம். மேசையை முதலில் அளந்துவிடுங்கள். ஸ்டாண்டில் மாட்ட மானிட்டரின் முதுகில் 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மி.மீ. திருகுத் துளை வேண்டும். விலை குறைந்த மாடல்களில் இது இல்லாமலும் வரும். ஆறு மானிட்டரும் ஸ்டாண்டும் சேர்ந்த எடையை பார்ட்டிக்கிள் போர்டு மேசை தாங்காது, கிளாம்ப் பிடித்த இடம் நொறுங்கும். கீழே ஒரு பிளைவுட் பலகை கொடுத்துப் பிடியுங்கள், அல்லது ஸ்டாண்டைச் சுவரில் அடியுங்கள்.

கேள்வி: இந்த ஆறு மானிட்டருக்கு எவ்வளவு யு.பி.எஸ். வேண்டும்? - அதே வாசகர்

பதில்: 24 அங்குல மானிட்டர் ஒன்றுக்கு 20 வாட் வீதம் 120 வாட், கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது இன்னொரு 120 வாட் என்று வையுங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் உண்மைத் திறன் பெரும்பாலும் 360 வாட். தாங்கும்தான், ஆனால் உள்ளிருக்கும் ஒற்றை 7 ஏ.எச். பேட்டரி சில நிமிடத்தில் கைவிட்டுவிடும். 1 கே.வி.ஏ. (1000 வி.ஏ.) வாங்கி, அதில் கம்ப்யூட்டர், முக்கியமான இரண்டு மானிட்டர், இன்டர்நெட் ரூட்டர், ஃபைபர் பெட்டி ஆகியவற்றை மட்டும் மாட்டுங்கள். சந்தை 9.15-லிருந்து 3.30 வரை, பொசிஷனை (முடிக்காமல் கையில் இருக்கும் வர்த்தகம்) மூடுவதற்கு இன்டர்நெட்தான் முக்கியம், ஆறாவது சார்ட் அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யு.பி.எஸ். உதவாது. அன்றைக்கு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது ப்யூர் சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போன்ற சீரான அலை) இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். இப்போதைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் திடீரென அணைந்துபோவதுண்டு.

கேள்வி: பலசரக்கு மொத்தக் கடை. பழைய சிறிய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கணக்கு, ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், பேங்க் என நான்கையும் தனித்தனித் திரையில் பார்க்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வாங்காமல் முடியுமா?
- வாசகர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: முடியும். உங்கள் பிராசசர் இன்டெல் 6-லிருந்து 10-ஆம் தலைமுறைக்குள் என்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸே மூன்று திரை வரை தரும். பின்புறம் மூன்று போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான்காவதுக்கு யு.எஸ்.பி.-யிலிருந்து எச்.டி.எம்.ஐ. தரும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் போதும். அது படத்தைச் சுருக்கும் வேலையைப் பிராசசரிடம் தள்ளும், அதனால் வீடியோ இழுக்கும். ஆனால் பில்லும் லெட்ஜரும் அசையாத எழுத்துகள், அவற்றுக்குக் குறையில்லை. டிரைவர் போட்டால்தான் படம் வரும்.

கார்டே போட விரும்பினால் டி600 பாருங்கள்: நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட், 40 வாட். ஒல்லியான கேபினெட் என்பதால் கார்டைக் கேபினெட்டில் திருகும் பாதி உயரத் தகடு கார்டின் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். விலை மலிவு என்று ஜி.டி. 710-ஐக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு 2021-க்குப் பிறகு புதிய டிரைவர் வரிசை கிடையாது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டன. வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் அது கூடாது.

எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வாங்கிவிடாதீர்கள். அது ஒரே படத்தை இரண்டு இடத்தில் காட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட். இரண்டையும் இணைக்கும் கேபிள் வாங்கியும் 'நோ சிக்னல்'. கேபிளை மாற்றியும் அதே கதை.
- வாசகி, போட்டோ ஸ்டூடியோ, திருமங்கலம்

பதில்: கேபிளில் பழுதில்லை, திசைதான் தவறு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்.டி.எம்.ஐ. உள்ள மானிட்டருக்குப் போகும் கேபிள். அது ஒருவழிப் பாதை. உங்களுக்கு வேண்டியது எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றும் ஆக்டிவ் (உள்ளே சிப் உள்ள) கன்வர்ட்டர், பெரும்பாலும் யு.எஸ்.பி.-யில் மின்சாரம் எடுக்க ஒரு வால் இருக்கும். மானிட்டரிலேயே எச்.டி.எம்.ஐ. போர்ட் இருந்தால் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும், செலவு மிச்சம்.

கேள்வி: மதியம் சாப்பிட்டு வந்தால் நான்கு திரையில் அடுக்கி வைத்த ஜன்னல்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடக்கின்றன. தினமும் அடுக்க வேண்டியிருக்கிறது.
- வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: டிஸ்ப்ளேபோர்ட்டில் உள்ள மானிட்டர் தூங்கினாலோ, பட்டனால் அணைத்தாலோ, அதைக் கழற்றிவிட்டதாக விண்டோஸ் நினைத்து ஜன்னல்களை மிச்சமிருக்கும் திரைக்கு மாற்றுகிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிப்பிள் டிஸ்ப்ளேஸ் என்று போய், 'ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்' என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள். மானிட்டரின் மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அதையும் அணையுங்கள். இரண்டையும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: நான்கு மானிட்டர் வைத்த பிறகு கம்ப்யூட்டரின் இரும்பில் கை பட்டால் சுரீர் என்கிறது. ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டும் போய்விட்டது.
- வாசகர், ஃபிளெக்ஸ் டிசைனிங், உசிலம்பட்டி

பதில்: உடனே கவனியுங்கள், எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முகப்பில் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சேர்த்திருக்கும். எர்த் கம்பி எங்கும் போய்ச் சேரவில்லை என்றால் இரும்புக் கூட்டில் 115 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கும். மின்னோட்டம் குறைவு, அதனால்தான் சுரீரோடு போகிறது. மானிட்டர் கூடக் கூட இந்தக் கசிவும் கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகினால் அது போர்ட் வழியாகப் பாய்ந்து சிப்பைக் கொல்லும்.

எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் மட்டும் போதாது, எர்த் குழியின் மின்தடையையும் (ரெசிஸ்டன்ஸ்) அளக்கச் சொல்லுங்கள். பலவீனமான எர்த்தும் மீட்டரில் நல்லதாகத் தெரியும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழி சரியாக வேலை செய்யாது, பைப் வாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் இல்லையென்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் ஆட்கள் உண்டு. அதை அனுமதிக்கவே கூடாது: நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் கம்ப்யூட்டர் கூடு முழுவதும் 230 வோல்ட் ஏறும். சரிசெய்யும் வரை எந்த கேபிளையும் மெயின் சுவிட்சை அணைத்தபின்தான் கழற்றவோ மாட்டவோ வேண்டும்.

கேள்வி: நான்கு மானிட்டருக்குப் பதிலாக ஒரே 43 அங்குல 4கே டி.வி. வைக்கலாமா? - வாசகர், மேலூர்

பதில்: கணக்குப்படி சரி. 4கே திரை ஒன்று நான்கு ஃபுல் எச்.டி. திரைக்குச் சமம், 43 அங்குலத்தில் ஒவ்வொரு கால்பகுதியும் 21.5 அங்குலம் வரும். கார்டில் ஒரு போர்ட்தான் செலவு. வாங்கும் முன் டி.வி. 60 ஹெர்ட்ஸில் 4:4:4 நிறம் (நிற விவரத்தைக் குறைக்காமல் முழுதாகக் காட்டுவது) தருகிறதா என்று கடையிலேயே லேப்டாப்பை மாட்டிச் சோதியுங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மங்கிக் கரைந்து தெரிந்தால் அந்த டி.வி. எழுத்து வேலைக்கு ஆகாது. டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. அமைப்பில் 'பிசி' என்று மாற்றி ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.