தங்கமான பிள்ளை

அன்புள்ள அக்கா,

என் மகன் 28-வது வாரத்தில் பிறந்தவன். இப்போது நன்றாகப் பேசுகிறான், ஓடியாடுகிறான். மருத்துவர் குறித்த தேதியில் பிறந்திருந்தால் அடுத்த வருடம்தான் பள்ளிக்குப் போவான். பிறந்த தேதிப்படி இந்த வருடமே சேர்க்க வேண்டும். ஒரு வருடம் பொறுக்கலாமா? குறைமாதம் என்று பள்ளியில் சொல்ல வேண்டாம், முத்திரை குத்திவிடுவார்கள் என்கிறார் கணவர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மூத்தவள் இந்த வயதில் எழுதவே ஆரம்பித்துவிட்டாள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

மூத்தவளை விடுங்கள். அந்த ஒப்பீட்டுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பொறுப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் ஒரு வருடம் தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் இப்படிக் குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தாமதமாகச் சேர்ந்ததால் மட்டும் படிப்பு மேம்படவில்லை.

"சொல்ல வேண்டாம்" என்ற வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

என் தங்கை மகள் 27 வாரத்தில் பிறந்தவள். இன்குபேட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறோம். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதென்று முடிவு செய்தோம். பள்ளியில் மூன்று வருடம் "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்றார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "நோட்டை எடு, தேதி போடு, 30-ம் பக்கத்தைத் திருப்பு, மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஆசிரியை சொன்னால், நோட்டை எடுத்துத் தேதி போடுவாள். அதோடு சரி. மற்றது காதில் விழுந்த வேகத்தில் கரைந்துபோயிருக்கும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கரும்பலகையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நாலாம் வகுப்புக்குப் போகும் முன் ரிப்போர்ட் கார்டில் வந்த வார்த்தை: சோம்பல். வாய்ப்பாடு வரவில்லையென்று நானே அவளைக் கத்தியிருக்கிறேன். அந்த முகம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் மூளை மளமளவென்று வளர்கிறது, மடிப்புகள் விழுகின்றன. 34 வாரத்தில்கூட அதன் எடை நிறைமாதக் குழந்தையின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த வளர்ச்சி இந்தக் குழந்தைகளுக்கு வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் ஊசிக்கும் நடுவில் நடக்கிறது. பலருக்குப் பிறகு ஒரு குறையும் தெரிவதில்லை. தெரிபவர்களுக்கு அது பெரும்பாலும் பள்ளியில்தான் தெரிகிறது. சொன்னதை மனத்தில் நிறுத்திவைப்பது சிரமம், யோசிக்க நேரம் பிடிக்கும். 1995-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரம் முடியும் முன்பே பிறந்தவர்களை 11 வயதில் பார்த்தபோது, வாசிப்பைவிடக் கணக்கில்தான் அடி பலமாக இருந்தது. கவனம் சிதறும், ஆனால் துறுதுறுப்பு இருக்காது, இதுதான் ஆபத்து. பெஞ்சில் ஏறிக் குதிக்கும் பிள்ளையை ஆசிரியர் கவனித்துவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு தொலைந்துபோகும் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

நாலாம் வகுப்பு ஆசிரியையிடம் என் தங்கை ஒருநாள் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" அடுத்த வாரத்திலிருந்து ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொன்னார். கணக்குக்கு மணிகளைக் கையில் கொடுத்தார். பதில் வரும்வரை காத்திருந்தார். பிள்ளை கை தூக்க ஆரம்பித்தாள்.

முத்திரைக்குப் பயப்படுகிறீர்களே, நீங்கள் வாயை மூடிக்கொண்டால் முத்திரை விழாதா? சோம்பேறி என்பது முத்திரை இல்லையா? மந்தம் என்பது? மருத்துவர்கள் முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்து வயதைப் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டு வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தக் கணக்கு தெரிந்த ஆட்கள் நீங்கள் இருவர்தான். நீங்களும் மறைத்தால் பையன் தனியாக அல்லவா மாட்டிக்கொள்வான்?

அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். "கொஞ்சம் முன்னாடியே பிறந்தான்" என்று மழுப்பாமல் 28 வாரம் என்று எண்ணைப் போடுங்கள். கண், காது பரிசோதனை முடிவுகளையும், எந்த மாதிரிச் சத்தத்துக்கு மிரள்வான் என்பதையும் சேருங்கள். வகுப்பு மாறும்போதெல்லாம் புது ஆசிரியரிடம் மறுபடி கொடுங்கள். பழையவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே தேடுங்கள். என் தங்கைக்கு அதைக் கண்டெடுக்க இரண்டு நாளாயிற்று, பழைய புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள்.

அன்புடன்,
அக்கா