எண் சரி, நிறம் வேறு: ஏலத்தில் எடுத்த காமிக்ஸைத் திருப்பித் தர முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 44. சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் என்றால் உயிர். இந்திய ஆன்லைன் ஏலத் தளம் ஒன்றில், மும்பையில் கடை வைத்திருக்கும் ஒருவர், 1974-ல் வந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழை ஏலம் விட்டார். வுல்வரின் என்ற பிரபலப் பாத்திரம் முதன்முதலாக முழுக் கதையில் வரும் இதழ் அது. தலைப்பில் "சிஜிசி 6.5" என்று போட்டிருந்தார். சிஜிசி என்பது காமிக்ஸ் இதழைச் சோதித்துத் தர எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து லேபிள் ஒட்டித் தரும் நிறுவனம். 1,90,000 ரூபாய்க்கு எடுத்தேன். 10 சதவீத ஏலக் கட்டணம், கூரியர் எல்லாம் சேர்த்து 2,10,500 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டினேன். பார்சலைப் பிரித்தால் லேபிள் நீலமாக இல்லை, பச்சை. உள்ளே இருக்க வேண்டிய மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் என்ற சின்ன அச்சுப் படம் வெட்டப்பட்டிருக்கிறது, கதை பாதிக்கப்படவில்லை என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஏலப் படத்தில் லேபிள் மேல் விளக்கு வெளிச்சம் அடித்ததால் நிறமே தெரியவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் கீழ் மூலையிலும் விரிசல். விற்றவர், "6.5 என்று சொன்னேன், 6.5 தந்தேன். ஏலப் பொருள் உள்ளது உள்ளபடிதான், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். தளமோ, "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்கிறது. கடைசிவரை என்னோடு போட்டி போட்ட ஒரு ஐ.டி. விற்றவருடைய ஆளாக இருக்குமோ என்றும் சந்தேகம். பார்சல் வந்து 12 நாள் ஆகிறது. பின்னாளில் மகள் படிப்புக்கு உதவும் என்று முதலீடாகவும் நினைத்தேன். அப்படி வாங்கியவர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் நண்பர். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் விற்றவருக்கும் தளத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள்: "நீங்கள் விவரித்த பொருள் இது அல்ல. நான் இதை ஏற்கவில்லை. முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்." இரண்டு வரி போதும். காரணம், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 42-வது பிரிவு. நியாயமான காலம் கடந்த பிறகும் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அப்புறம் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். 12 நாள் தாமதமில்லை. இரண்டு மாதம் ஆகியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டேன்.

பொருளை நீங்களே கூரியரில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 43-வது பிரிவின்படி, ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும், திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை. பணம் கைக்கு வரும்வரை அது உங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். ஸ்லாப்பை, அதாவது அந்த சீல் வைத்த பெட்டியை, திறக்கவும் வேண்டாம், விரிசலைச் சரிசெய்ய அனுப்பவும் வேண்டாம். சொந்தக்காரர் செய்யக்கூடிய எந்தக் காரியத்தைச் செய்தாலும், "ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று எதிர்த்தரப்பு எழுதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காமிக்ஸ் கிரேடிங் தொடர்பாக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும், "6.5 என்றார்கள், பார்த்தால் 5.5 மாதிரி இருக்கிறது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வழக்கு நிற்காது. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் 0.5-லிருந்து 10 வரை தரும் எண், அனுபவசாலிகளின் அபிப்பிராயம். உங்கள் கண்ணுக்கு அது குறைவாகத் தெரிகிறது என்பதற்காக விற்றவர் பொய் சொன்னதாக ஆகாது. பெட்டியில் வானவில் போலத் தெரியும் நியூட்டன் வளையங்களும் அப்படித்தான். கண்ணை உறுத்தும், ஆனால் வழக்குக்கு உதவாது. மனசு ஒப்பவில்லை என்பதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. சொன்னதும் வந்ததும் வேறு என்பதற்கு உண்டு.

உங்கள் விஷயம் இரண்டாவது வகை. நிறத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிஜிசி லேபிளில் நீலம் என்றால் பொதுத் தரம். ஊதா என்றால் வண்ணம் பூசியோ ஒட்டியோ சீரமைத்தது. பச்சை என்றால் நிபந்தனைக்கு உட்பட்ட தரம்: குறிப்பிட்ட அந்த ஒரு குறையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் இந்த எண் என்று பொருள். உங்கள் புத்தகத்தில் அந்தக் குறை ஸ்டாம்ப். 1974-ல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சின்னப் படத்தை அச்சிட்டு, வெட்டிச் சேகரிக்கச் சொன்னது. பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அதனால்தான் ஹல்க் 181 என்றாலே, "ஸ்டாம்ப் இருக்கிறதா?" என்பது சேகரிப்பாளர்கள் கேட்கும் முதல் கேள்வி. அந்தப் பக்கத்தில் சதுரமாக ஓட்டை இருக்கும் புத்தகத்தை நீல லேபிளுக்கு அனுப்பினால் 6.5 கிடைக்காது, எண் வெகுவாக இறங்கும். ஆக, பச்சையில் இருக்கும் 6.5, "ஓட்டையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 6.5" என்ற வாக்கியத்தின் பாதி. விற்றவர் அந்தப் பாதியை மட்டும் தலைப்பில் போட்டிருக்கிறார்.

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, விவரணையை நம்பி வாங்கும் பொருள் அந்த விவரணையோடு பொருந்த வேண்டும் என்பதை விற்பனையின் அடிப்படை நிபந்தனையாக வைக்கிறது. ஏலம் என்பதால் அது மறைந்துவிடாது. அதுவும் இது சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. கடையில் நின்று பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. லேபிள் ஒன்றுதான் உள்ளே பார்க்கும் ஜன்னல், அந்த ஜன்னல் மேல்தான் வெளிச்சம் அடித்திருக்கிறது. வேண்டுமென்றே செய்தாரா, கவனக்குறைவா என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வழக்குக்கு அதை நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. லேபிளில் அச்சிட்ட சான்றிதழ் எண்ணை சிஜிசி இணையதளத்தில் அடித்தால் எந்த வகை லேபிள் என்பது வந்துவிடும். ஒரு நிமிட வேலை. தொழிலாகச் செய்கிறவர் அதைத் தலைப்பில் சேர்த்திருக்க வேண்டும். அதே எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் நீங்கள் சரிபாருங்கள். ஸ்லாப்புக்குள் வேறு புத்தகத்தை மாற்றிவைத்து விற்ற மோசடி 2023 கடைசியில் வெளியே வந்தபோது, சந்தேகத்துக்குரிய சான்றிதழ் எண்களை சிஜிசியே வெளியிட்டது. உங்களுடையது அதில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

"உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் விற்றவரின் பெரிய ஆயுதம், இல்லை என்று சொல்லமாட்டேன். 62-வது பிரிவு, சட்டம் தானாகச் சேர்க்கும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்க இடம் தருகிறது. முனை மடங்கியது, முதுகில் கோடு, தாள் பழுப்பு போன்றவற்றுக்கு அந்த வாசகம் அவரைக் காப்பாற்றும். பொருளின் அடையாளத்தையே பாதி சொல்லி விற்றதற்கும் அது குடை பிடிக்குமா என்றால், பிடிக்காது என்பதே என் வாதமாக இருக்கும். நுகர்வோர் சட்டம் இங்கே இன்னும் பலம் தருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47), நியாயமற்ற வணிக முறையை விளக்கும்போது, ஒரு பொருள் குறிப்பிட்ட தரம், கிரேடு கொண்டது என்று பொய்யாகக் காட்டுவதை முதல் வரிசையில் வைக்கிறது. 'கிரேடு' என்ற சொல்லே அந்த ஆங்கில மூலத்தில் இருக்கிறது. உங்கள் புகாரில் அந்தச் சொல்லை அடிக்கோடிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தமே நியாயமற்றது, அதை ரத்துசெய்யுங்கள் என்று கேட்கப் போகாதீர்கள். அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய கேள்வி. மாவட்ட ஆணையத்தில் உங்களுக்கு வேண்டியது பணம் மட்டும்தான்.

சரி, உங்கள் நண்பர் சொன்னது. பாதி உண்மை. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குகிறவர் 2(7)-இன்படி நுகர்வோர் ஆகமாட்டார். எது வணிக நோக்கம் என்பதில் எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு 1995-ல் வந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கு. எதிர்த்தரப்பு உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்தான். அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்தே அதை முடிவுசெய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில், வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன என்று பார் என்றது. நாற்பது வருடமாக காமிக்ஸ் படிப்பவர், தன் அலமாரிக்கென்று ஒரே ஒரு பிரதி வாங்குகிறார், ஒருநாள் மகளுக்கு உதவலாம் என்றும் நினைக்கிறார். நகை வாங்கும் எந்த வீட்டில் அந்த நினைப்பு இல்லை? அது உங்களை வியாபாரி ஆக்காது. ஆனால், இதே தளத்தில் இதற்கு முன் வாங்கி விற்றிருக்கிறீர்களா? நாலைந்து இதழ்களை லாபத்துக்குக் கைமாற்றியிருந்தால் அந்தப் பட்டியலை அவர்கள் அச்செடுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் வக்கீலிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது வழி கன்ஸ்யூமர் கோர்ட் அல்ல, சிவில் கோர்ட். 15-வது பிரிவு அங்கேயும் உங்கள் பக்கம்தான், நாள்தான் கூடுதலாகும்.

தளத்தை விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் சட்டத்தின் 2(17)-வது பிரிவு 'மின்னணு சேவை வழங்குபவர்' யார் என்று சொல்லும்போது ஆன்லைன் ஏலத் தளங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். படமும் விவரமும் உண்மைப் பொருளோடு ஒத்துப்போகும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டியது தளத்தின் பொறுப்பு. அந்த உறுதிமொழியின் நகலையும், விற்றவரின் முழு முகவரியையும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று விற்பவருக்கும் அதே விதிகள் சொல்கின்றன. விற்றவர் கடை வைத்திருப்பவர் என்பது இங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம். எப்போதாவது தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்கும் தனிமனிதருக்கு இந்த விதிகள் பொருந்தாது.

போட்டி ஐ.டி. பற்றி: விற்பவர் தானும் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல் ஆள் வைத்து விலை ஏற்றினால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி அந்த ஏலத்தை நீங்கள் மோசடியாகக் கருதலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் சந்தேகம் ஆதாரமாகாது. ஏலப் பதிவேட்டைப் பாதுகாத்து வைக்கும்படி தளத்துக்கு எழுதுங்கள், நோட்டீசில் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். இதை முன்னால் வைத்தால் பலமான வாதம் பலவீனமான வாதத்தின் பின்னால் மறைந்துபோகும். போலீஸ் புகாரும் இப்போது வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 318-இன் கீழ் ஏமாற்றுக் குற்றத்துக்கு, ஆரம்பத்திலிருந்தே தீய எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

மூலை விரிசல் சின்ன விஷயம். பேக்கிங் அட்டை, குமிழ் உறை எதையும் தூக்கிப்போடாமல் வைத்து, புகாரில் ஒரு வரி சேருங்கள்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் உங்கள் உழைப்பு வேண்டும். ஏலப் பக்கத்தை முழுதாக, தேதியும் முகவரிப் பட்டையும் தெரியும்படி, இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை விவரம் திருத்தப்படலாம். அந்த வெளிச்சம் அடித்த படத்தைத் தனியாகச் சேமியுங்கள். பிறகு ஸ்லாப்பை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் அச்செடுத்தால், நீதிபதிக்கு காமிக்ஸ் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழும் இணையுங்கள். நீலம், பச்சை என்றால் என்ன என்பதற்கு சிஜிசியின் சொந்த விளக்கப் பக்கத்தையே அச்செடுங்கள்.

இதற்கிடையில் கார்டு வங்கியில், 'விவரித்தபடி இல்லாத பொருள்' என்று பரிவர்த்தனைத் தகராறு பதியுங்கள். அதற்கு நாள் கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. பல நேரம் பணம் அங்கேயே திரும்பிவிடும். வராவிட்டால் 15 நாள் அவகாசத்தோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்குப் பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். மும்பைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்க நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு வழிவிடுகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, நீங்களே நேரில் வாதாடவும் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும். நான் மேலே சொன்னதெல்லாம் பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கும் வழி. இன்னொரு வழியும் இருக்கிறது: புத்தகத்தை நீங்களே வைத்துக்கொண்டு, நீல 6.5-க்கும் பச்சை 6.5-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் கேட்பது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. சமீபத்தில் விற்ற இரண்டு வகைப் பிரதிகளின் விலையை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட இதழ் என்று எழுதியிருக்கிறீர்கள். லேபிளே சொல்கிறபடி கதையில் ஒரு கட்டம்கூடக் குறையவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று இன்று இரவுக்குள் முடிவுசெய்யுங்கள். வைத்துக்கொள்வதென்றால் "ஏற்கவில்லை" என்ற வரியை எடுத்துவிட்டு, "விலை வித்தியாசத்தைத் தாருங்கள்" என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள்.