டோக்கியோவில் ஜப்பானியக் கறி (curry) சோற்றுக் கடையில் சாப்பிட்டிருக்கிறீர்களா? நம் ஊர்க் குழம்பு மாதிரி இருக்குமா?

கேட்டவர் அடுத்த மாதம் வேலையாக டோக்கியோ போகிறாராம். அங்கே எங்கு பார்த்தாலும் கறிக் கடை என்று கேள்விப்பட்டு, சோறும் குழம்பும் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் கேட்டிருக்கிறார். நான் அங்கே வேலை பார்த்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கடைகளில் சாப்பிட்டவன் என்பதால் சொல்கிறேன்: சோறு கிடைக்கும், குழம்பு கிடைக்காது. குழம்பை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் வாயிலேயே ஏமாற்றம்தான். அதை மறந்துவிட்டு உட்கார்ந்தால், அந்த ஊரில் இதைவிட எனக்கு நெருக்கமான சாப்பாடு வேறு இல்லை.

ஜப்பானியர்கள் இதைச் சொல்வது 'கரே'. நம்முடைய கறி என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் வழியாக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜப்பானில் இறங்கி அப்படி ஆகிவிட்டது. சொல் நம்முடையது என்றாலும் பண்டம் நம் அடுப்பிலிருந்து நேராகப் போகவில்லை. ஆங்கிலேயர்கள் டப்பாவில் அடைத்து விற்ற கறிப்பொடியை, கொழுப்பில் வறுத்த மைதாவோடு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சும் முறை அது. ஜப்பானியக் கடற்படை அதைப் பிடித்துக்கொண்டது, 1908-இல் வந்த கடற்படைச் சமையல் நூலிலேயே செய்முறை இருக்கிறது, இன்றும் அவர்களுடைய கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கரேதான். அதனால் தாளிப்பு, புளி, கறிவேப்பிலை எதையும் தேடாதீர்கள். அடர்ந்த பழுப்பு நிறத்தில், கூழுக்குக் கொஞ்சம் இளகின பதத்தில், வெங்காயம் கரைந்த இனிப்போடு வரும். வீட்டுக் கரேக்கு அவர்கள் வாங்கும் மசாலாக் கட்டிகளில் மிகப் பிரபலமான ஒன்று 1963-இல் வந்த வெர்மான்ட் கறி, அதில் ஆப்பிளும் தேனும் சேர்க்கிறார்கள். இனிப்பு அங்கே குறை இல்லை, அதுதான் ருசியே.

கடைக்குள் எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்ததே அதுதான். சின்னக் கடை என்றால் வாசலிலேயே ஒரு சீட்டு எந்திரம் நிற்கும், காசு போட்டுப் படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கவுன்டரில் வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு ஸ்டூல்கள். குளிர்ந்த தண்ணீர் கேட்காமலே வரும், காசு கிடையாது. பக்கத்தில் டை கட்டின ஒருவர், அந்தப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண், எல்லோரும் தனியாக வந்தவர்கள்தான். தனியாகச் சாப்பிடுகிறாயே என்று யாரும் பார்ப்பதில்லை, நம் ஊரில் ஹோட்டலுக்குத் தனியாகப் போகக் கூச்சப்படும் பெண்கள் இங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும். ஒரு பாதி சோறு, ஒரு பாதி கரே, மேலே மொறுமொறுவென்று பொரித்து வெட்டி வைத்த பன்றி இறைச்சி, அதாவது கட்சு. கையில் ஸ்பூன்தான், பிசையக் கூடாது. சோறும் கரேயும் தொடும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டே போக வேண்டும், சோறு குட்டை ரகம், ஒட்டும் என்பதால் ஸ்பூனில் அழகாக நிற்கும். மேசையில் சிவப்பாக ஒரு ஊறுகாய் இருக்கும், ஃபுகுஜின்ஸுகே, முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைக் கிழங்கெல்லாம் சோயாவில் ஊறினது, இனிப்பாகக் கடிபடும். அதை விடாதீர்கள், கரேயின் கனத்துக்கு அது இல்லாமல் தட்டு முடியாது.

எங்கே போவது? கோகோ இச்சிபான்யா என்ற தொடர் கடை எல்லா இடத்திலும் இருக்கிறது, 1978-இல் நகோயா பக்கம் தொடங்கினது. அங்கே சோற்றின் எடை, காரத்தின் அளவு, மேலே என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்லலாம். சாதாரணக் காரம் நம் நாக்குக்குத் தெரியவே தெரியாது. நான் 4-ஆம் நிலைக் காரம் வாங்குவேன், அதற்கு மேலே போனால் காரம் மட்டும்தான் ஏறுகிறது, மசாலா மணம் ஏறுவதில்லை. கோ கோ கறி என்ற இன்னொரு தொடர் கடை வேறு மாதிரி: கனசாவா ஊர்ப் பாணி, கிட்டத்தட்டக் கறுப்பாக, ஸ்டீல் தட்டில், பக்கத்தில் பச்சை முட்டைகோஸ் சீவல். 'கோ' என்றால் ஐந்து, பேஸ்பால் வீரர் ஹிதேகி மட்சுயியின் 55-ஆம் எண்தான் கடையின் பெயர். பசித்து வந்தால் அங்கே போங்கள்.

நேரம் இருந்தால் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவுக்குப் போங்கள். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் ஸ்பூன் என்று சாப்பிட வசதி என்பதால்தான் அங்கே கரேக் கடைகள் பெருகின என்று சொல்வார்கள், எனக்கும் அது சரி என்றே படுகிறது. பழைய புத்தகக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் 'போண்டி' என்ற கடையில் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் கொண்டுவந்து வைப்பார்கள், சோற்றின் மேல் சீஸ் தூவியிருக்கும். கரே பால் கலந்து மென்மையாக இருக்கும். விலை கூடத்தான், ஆனாலும் நான் ஊரிலிருந்து வந்த எல்லோரையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறேன்.

சைவம் என்றால் மிகவும் கவனம். பட்டியலில் காய்கறிக் கரே என்று போட்டிருந்தாலும் கரேயில் பெரும்பாலும் பன்றி, மாட்டுக் கொழுப்போ எலும்புச் சாறோ இருக்கும். என்னோடு வந்த நண்பர் ஒருவர் ஒரு கடையில் கத்தரிக்காய்க் கரேயை முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார், அன்றிரவு முழுவதும் அவர் பேசவே இல்லை, எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேட்டால் போதாது, சாறிலும் இறைச்சி இருக்கிறதா என்று கேளுங்கள், ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது. கோகோ இச்சிபான்யாவில் விலங்குப் பொருள் சேர்க்காத கரே தனியாக உண்டு, ஆனால் அதே சமையலறைதான்.

அப்புறம், இந்திய வாசனையே வேண்டும் என்றால் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நகமுராயா என்ற கடை இருக்கிறது. டெல்லியில் 1912-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்த விடுதலைப் போராட்டக்காரர் ராஷ் பிஹாரி போஸை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் அந்தக் கடைக்காரர்கள். அவர்கள் மகளையே அவர் மணந்தார், ஆங்கிலேயக் கரே உண்மையான இந்தியக் கறி இல்லை என்று சொல்லி, 1927-இல் எலும்போடு கோழி போட்ட கறியை அங்கே அறிமுகப்படுத்தக் காரணமாக இருந்தார். இன்றும் அது பட்டியலில் இருக்கிறது.

முதல் நாள் கட்சு கரே வாங்குங்கள், பன்றி வேண்டாம் என்றால் கோழி கட்சுவும் பல கடைகளில் உண்டு, ஆனால் கரேயில் பன்றி இல்லையா என்று அப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்சு நமுத்துப்போகும் முன் சாப்பிட்டுவிடுங்கள். முடித்ததும் தட்டையும் தம்ளரையும் கவுன்டரின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டு 'கொச்சிசோசமா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். உள்ளே வாணலிப் பக்கம் திரும்பி நிற்கிறவரும் அதற்குக் குரல் கொடுப்பார்.