போர் நடக்கறப்பவே வந்த நினைவுக்குறிப்பை ஆதாரமா வைக்கலாமா?

கேள்வி: எம்.ஏ. ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டுக்கு அமெரிக்க பத்திரிகையாளர் எமிலி ஹானோட 'சைனா டு மீ'ங்கற நினைவுக்குறிப்பு புக்கை எடுத்திருக்கேன் மேடம். கைடு "கதை மாதிரி இருக்கு, ஆதாரமா வைக்காதே"ங்கறார். என்ன பண்ணட்டும்?

பதில்: கைடு சொல்றதுல பாதி நியாயம்மா, ஆனா அதுக்காக புக்கைத் தூக்கிப் போட வேண்டாம். மொதல்ல அது வந்த வருஷத்தைப் பாரு, 1944. ரெண்டாம் உலகப் போர் இன்னும் முடியல, அவங்க குழந்தையோட அப்பா சார்லஸ் பாக்ஸர், பிரிட்டிஷ் உளவு ஆபீஸர், அப்பவும் ஜப்பான்காரங்க கைதிதான், இங்க ஒரு வரி கூடப்போனா அங்க அடி விழறது அவருக்கு. அதனால கேம்ப்புக்குள்ள சேதி எப்படி போச்சு, யார் உதவினாங்கங்கற மாதிரி இடத்துல புக்கு வாயைத் திறக்கலன்னா 'ஒண்ணும் நடக்கல'ன்னு எழுதிடாத, சொல்ல முடியாத நேரம்னு எழுது.

எதுக்கு நம்பலாம்னா, அன்னாடப் பொழப்புக்கு. 18 நாள் சண்டைக்கப்பறம் 1941 டிசம்பர் 25ல அவங்க இருந்த ஹாங்காங் ஜப்பான்கிட்ட சரண்டர், கைக்குழந்தை கரோலாவுக்கு ரெண்டே மாசம். பால், அரிசி, காயம்பட்டு கிடந்த பாக்ஸருக்கு சாப்பாட்டுப் பொட்டலம்னு அலைஞ்ச அலைச்சல், இதெல்லாம் ராணுவ ரிப்போர்ட்ல கெடைக்காது. ஆனா படை எவ்வளவு, எந்த முனை எப்ப விழுந்துச்சு, அதுக்கு இவங்களைக் கேக்காத.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த கல்யாணப் பத்திரம்! ஷாங்காய்ல அவங்க காதலரா இருந்த சீனக் கவிஞர் சாவ் சின்மேக்கு ஏற்கனவே பொண்டாட்டி புள்ளைங்க உண்டு, 1937ல ஜப்பான் படை புகுந்தப்ப அவரோட பிரிண்டிங் பிரஸ் மாட்டிக்கிச்சு, அமெரிக்கக்காரி சொத்துன்னு காட்டி மீட்க இவங்க அவர் பொண்டாட்டின்னு கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. அஞ்சு வருஷம்கூட ஆகல, ஹாங்காங்ல வெள்ளைக்காரங்களை ஸ்டான்லி கேம்ப்ல அடைக்கறப்ப 'நான் சீனக்காரர் பொண்டாட்டி'ன்னு சொல்லித் தப்பிச்சாங்க. இந்த மாதிரி எழுதறவங்களுக்கே லாபமான கதையை ஒத்தை சாட்சில விடாத, வேற ஒண்ணோட ஒப்பிட்டு அடிக்குறிப்புல போடு.

ஓபியம் பழக்கத்தைப் பத்தி அவங்களே ரொம்ப வருஷம் கழிச்சு தனியா விரிவா எழுதினாங்க, அதையும் பக்கத்துல வெச்சுப் படி. அவங்க பேப்பர்ஸ் இண்டியானா யுனிவர்சிட்டி லில்லி லைப்ரரில இருக்கு, 1943 கடைசில கப்பலேறி ஊர் திரும்பினதுக்கு முன்னாடி எழுதின லெட்டர் எது இருக்குன்னு மெயில் போட்டுக் கேளு. பதில் வர்றதுக்குள்ள கைடுகிட்ட சேப்டரை நீட்டிடாத.