பேரனும் முன் அறை டிவியும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். மலேசியா, கெடா மாநிலம், பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். வயது 61. தோட்டத்தில் பால் வெட்டினேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு டவுன் பக்கம் வந்துவிட்டோம். மகளுக்குச் சுங்கைப்பட்டாணியில் பேக்டரியில் ஷிப்டு வேலை, மருமகன் சிங்கப்பூரில். 11 மாதப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டு டிவியில் காலையிலிருந்து ஆஸ்ட்ரோ சேனல் ஓடும். பையன் அழுதால் யூடியூப்பில் இங்கிலீஷ் பாப்பா பாட்டு போடுவேன். கஞ்சி ஊட்டவும் அதுதான் வழி. இங்கிலீஷும் காதில் விழட்டுமே என்று நினைத்தேன். இப்போது மகள் டிவியே கூடாது, ஆட்டிசம் வரும் என்கிறாள். ராத்திரி வீடியோ காலில் பேசுவதையும் நிறுத்தணுமா என்று மருமகன் கேட்கிறார். நான் மூன்று பிள்ளைகளை டிவி இருந்த வீட்டில்தான் வளர்த்தேன், மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. யார் சொல்வது சரி?

ஒரு பாட்டி, பீடோங்

*

அன்புள்ள அக்கா,

மகளின் முடிவு சரி, காரணம்தான் தப்பு. டிவி பார்ப்பதால் ஆட்டிசம் வருவதாக யாரும் நிரூபித்ததில்லை. அதில் பெரும் பங்கு பரம்பரைக்குத்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை, டிவியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. 18 மாதச் சோதனைக்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, பையன் விரலால் சுட்டிக் காட்டுகிறானா, முகம் பார்க்கிறானா என்று அங்கிருக்கும் நர்ஸ் மிஸ்ஸி கேட்பார். நிதானமாக யோசித்து உள்ளதைச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 18 மாதம்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது இது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இதற்குக் கிடைத்திருக்கும் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பதையும் அந்த ஆவணமே ஒத்துக்கொள்கிறது. அதனால் இதுவரை ஓடிய டிவிக்காக நீங்கள் பயந்து சாக வேண்டியதில்லை, மகள் உங்களைக் குற்றவாளி மாதிரி பார்க்கவும் வேண்டியதில்லை.

இங்கிலீஷ் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2003ல் அமெரிக்காவில், சியாட்டலில், பாட்ரீசியா கூல் என்கிற விஞ்ஞானி ஒரு சோதனையை வெளியிட்டார். இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதப் பிள்ளைகள். ஒரு கூட்டத்தோடு சீன மொழி பேசுகிற ஆட்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 தடவை. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்ட பிள்ளைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தெரிந்தது. டிவியில் பார்த்தவை சீனமே கேட்காத பிள்ளைகளின் நிலையில்தான் இருந்தன. ஆகவே உங்கள் பேரனுக்கு இங்கிலீஷ் வேண்டுமானால், அம்மா மடியில் வைத்துப் பேசட்டும். நீங்கள் தமிழில் பேசுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வந்தால் அவர் மலாயில் கொஞ்சட்டும். தடிகாவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, போவதற்கு முன்பே மூன்றும் காதில் ஏறியிருக்கும்.

எனக்கு யூடியூப்பைவிடக் கவலை தருவது, காலையிலிருந்து ஓடுகிறது என்றீர்களே, அந்த ஆஸ்ட்ரோதான். "அவன் எங்கே பார்க்கிறான், அது பாட்டுக்கு ஓடுது" என்பீர்கள். 2008ல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பொம்மையோடு ஒரு மணி நேரம் விட்டார்கள். அதில் அரை மணி நேரம் பெரியவர்களுக்கான வினாடிவினா நிகழ்ச்சி பக்கத்தில் ஓடியது. பிள்ளைகள் அதை ஒரு தடவைக்குச் சில விநாடிக்கு மேல் பார்க்கவில்லை. ஆனால் விளையாட்டு உடைந்துபோனது. ஒரு பொம்மையை எடுத்து அதிலேயே ஆழ்ந்திருக்கும் நேரம் குறைந்தது. அடுத்த ஆண்டு இன்னொன்று: 300க்கு மேற்பட்ட பிள்ளைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிள்ளை பெரியவர்களிடமிருந்து கேட்கும் பேச்சு சராசரியாக 770 சொல் குறைந்திருந்தது.

நம் வீடுகளுக்கு இந்தக் கணக்குத் தேவையே இல்லை. சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டும்போது நீங்கள் வாய் மூடிக் கேட்பீர்கள். பையன் "ப்பா, ப்பா" என்று விசிறியைக் காட்டுவான். நீங்கள் "ம்" என்பீர்கள், கண் திரையில் இருக்கும். டிவி இல்லையென்றால், "ஃபேன் சுத்துதா? ஐயாவுக்குக் காத்து வருதா?" என்று நாலு வார்த்தை வந்திருக்கும். அந்த நாலு வார்த்தைதான் போகிறது.

உங்கள் மூன்று பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள், சரி. அன்றைக்கு டிவி மாலையில் தொடங்கி ராத்திரியில் அடங்கிவிடும். தமிழ் என்று எப்போதாவது ஒரு படம், கொஞ்சம் செய்தி. ஆஸ்ட்ரோ வந்ததே 1996ல்தான். அப்புறம் லயத்தில் எத்தனை வாய்! அத்தை, சித்தி, எதிர் வீட்டு ஆயா எல்லாரும் போகிற போக்கில் பிள்ளையிடம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஆயா, ஏகப்பட்ட பிள்ளைகள், அழுதால் உடனே யாரும் வர மாட்டார்கள். ஆனால் ஆயா திட்டியாவது பேசிக்கொண்டிருப்பார். இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் இரும்புக் கதவைச் சாத்தினால் பையனுக்குப் பகல் முழுக்க நீங்கள் ஒரே ஆள். 61 வயதில் அது சின்ன வேலையில்லை, மகளுக்கும் அது தெரிய வேண்டும். டிவியை நிறுத்து என்று சொல்கிறவள், ஷிப்டு இல்லாத நாளில் பையனைத் தூக்கிக்கொண்டு உங்களைச் சீரியல் பார்க்க விடட்டும்.

கஞ்சிதான் கஷ்டம். பாட்டு ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், கன்னத்தில் அடக்கி வைத்திருப்பான், விழுங்க மறந்திருப்பான். வயிறு நிறைந்ததும் அவனுக்குத் தெரியாது. நிறுத்தினால் முதல் சில நாள் ரகளை பண்ணுவான். பாதி கிண்ணத்தோடு எழுந்தால் விடுங்கள், அடுத்த வேளை பசித்துச் சாப்பிடுவான். வெந்த கேரட்டைக் கையில் கொடுங்கள். தரையெல்லாம் பூசுவான், பூசட்டும்.

மருமகனிடம் சொல்லுங்கள், வீடியோ காலை நிறுத்த வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016ல் 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்றபோதும் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அப்பா அந்தப் பக்கம் நாக்கை நீட்டினால் இவனும் நீட்டுவான், இவன் சிரித்தால் அவர் பதிலுக்குச் சிரிப்பார். பாட்டுப் படத்தில் அது நடக்காது. போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாமல், "அப்பா பாரு, அப்பா சட்டை என்ன கலர்" என்று நீங்களும் கூட இருங்கள்.

அடுத்த லீவில் அவர் வரும்போது டிவியை முன் அறையிலிருந்து உங்கள் அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆஸ்ட்ரோ வயர் எட்டாது என்பார். சுங்கைப்பட்டாணியில் நீளமான வயர் கிடைக்கும்.