நுங்கு வண்டியை ஓட்டியவர் யார்?

கேள்வி: கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் நுங்கு வண்டி ஓட்டி வளர்ந்தவன் நான். என் பேரனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. செல்போன் வந்துதானே அந்தப் பொற்காலம் போனது?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஓட்டினீர்களா? நுங்கு வண்டியை இதுவரை ஒருவரும் ஓட்டியதில்லை ஐயா, தள்ளியிருக்கிறார்கள். நுங்கு குடித்த பனங்காய்க் கூடு இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நுனியில் கவை (கவட்டை) உள்ள கம்பால் தள்ளும் பிள்ளை விளையாட்டு அது. ஓட்டுகிறவர் வண்டிமேல் உட்கார வேண்டும். இதில் உட்கார்ந்தால் வண்டியும் மிஞ்சாது, டவுசரும் மிஞ்சாது. பின்னாலேயே ஓடுகிறவருக்கு டிரைவர் என்று பெயரென்றால், ராமநாதபுரம் கேணிக்கரையில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளிவிடும் நாலு பேருக்கும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். இந்த வண்டிக்கு இன்ஜினும் ஹார்னும் வாயில், பிரேக் குதிகாலில். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) மூன்று நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் காய் சுருங்கி, அச்சுத் துளை தொளதொளத்து, சக்கரம் தனியாக ஓடிவிடும். அப்புறம் ஆட்டுக்குப் போட வேண்டியதுதான். பழைய வண்டியை ஆடு தின்னும் வசதி எந்தக் கம்பெனி காரிலும் கிடையாது.

செல்போன்மேல் பழி போடுவது இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் பரம்பரை வியாதி. குற்றவாளி அரிவாள். முன்பெல்லாம் காயின் தலையை மட்டும் சீவிக் கையில் கொடுப்பார்கள். நுங்கு இருக்கும் மூன்று குழியும், அதாவது மூன்று கண்ணும், தெரியும். கட்டைவிரலை விட்டு நோண்டிக் குடித்த பிறகு கூடு முழுசாக இருக்கும். அதற்குக் கூந்தல், கோந்தை, கோம்பை என்று ஊருக்கொரு பெயர். (‘கூந்தல்’ என்று எழுதியதும் எங்கள் பிழைதிருத்துநர் சிவப்பு மையால் சுழித்து ‘யாருடையது?’ என்று கேட்டிருக்கிறார். அவருடன் இது பழைய வழக்கு.) இப்போது நீங்கள் கேட்பது சுளை. சுளை உடையாமல் வர வேண்டுமென்றால் காயைச் சுற்றிச் செதுக்கிப் பிளந்தாக வேண்டும். சுளை பையில் வீட்டுக்கு வருகிறது, சக்கரம் சில்லுச் சில்லாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கிடக்கிறது.

வண்டி கட்டுவதிலும் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். இரண்டு கூடும் ஒரே பருமன் இல்லாவிட்டால் வண்டி சின்னச் சக்கரத்தின் பக்கமே திரும்பும். மூன்று கண் காய்தான் உருண்டை. இரண்டு கண் காய் சப்பட்டை, குதிக்கும். கண்கள் கூடும் நடுப்புள்ளியில் அச்சு ஏற வேண்டும், விலகினால் வண்டி நொண்டும். அச்சுக்கு ஒன்றரைச் சாண் நீளத்தில், சுண்டுவிரல் மொத்தத்தில் பூவரசங்குச்சி. பட்டையை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கவை பிடித்துக்கொள்ளும். தள்ளும் கம்பு பிள்ளையின் நெஞ்சு உயரம். கவை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடிக்காமல் உட்கார வேண்டும், அகலமானால் அதுவே பிரேக். கடற்கரை மணலில் இறக்கினால் புதையும், இறுகிய செம்மண் தடமே உத்தமம்.

கவைக்குச் சீமைக்கருவேலம். முள்ளைச் சீவிவிடுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தட்டுப்பாடே வராத ஒரே சரக்கு அது. 2017இல் வேரோடு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவெல்லாம் போட்டது. மரம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இந்த மரத்தைத் திட்டுவதற்கென்றே எனக்கு இன்னும் இரண்டு பக்கம் வேண்டும். ஆசிரியர் குழு தர மறுக்கிறது.

வெட்டக் கூடாத பனையோ செங்கல் சூளைக்குப் போனது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் அறிவித்தார்கள். சரி, நடலாம் என்றால், கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது. பாளை (பூங்குலை) விடப் பத்து வருஷத்துக்கு மேலாகும். ஆண்பனையானால் நுங்கே இல்லை. பெண்பனையிலும் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர், சும்மா விட்டால்தான் நுங்கு. ஒரே பாளையில் கருப்பட்டியும் சக்கரமும் கேட்காதீர்கள்.

பேரனை வைகாசிக்குள் சாயல்குடிப் பக்கம் கூட்டிப் போங்கள். ‘தலையை மட்டும் சீவுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இளங்காயாகப் பாருங்கள், முற்றியது கட்டைவிரலுக்கு மசியாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். நுங்குக் கறை எந்தச் சோப்புக்கும் மசியாது.