மெத்தையை விரித்துவிட்டு மரத்தை அறுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் வாசகர்: எங்களிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக் கார். நானும் மனைவியும் மட்டும் டிராக்கன்ஸ்பர்க் பக்கம் போய்த் தங்குவதற்கு ஒரு கண்ணீர்த்துளி டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், படுக்கையும் பின்பக்கச் சமையலறையும் உள்ள துளி வடிவச் சின்ன வண்டி) கட்ட ஆசை. 8 அடியில் கட்டுவதா, 10 அடியிலா?

8 அடி. காரணம் உங்கள் காரின் முன்கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது. லைசென்ஸ் வட்டில் ‘டேர்’ என்று ஓர் எண் இருக்கும். அது வெற்றுக் காரின் எடை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பிரேக் இல்லாத டிரெய்லரின் ஜிவிஎம், அதாவது சரக்கோடு சேர்ந்த உச்ச எடை, 750 கிலோவையும் தாண்டக் கூடாது, அந்த டேரில் பாதியையும் தாண்டக் கூடாது. டேர் 1,060 என்றால் உங்கள் எல்லை 530 கிலோதான்.

8 அடி நீளம், 4 அடி அகலத்துக்குக் கணக்குப் போடுவோம். சேஸிஸ் (அடிச்சட்டம்), அச்சு, சக்கரங்கள் சேர்ந்து சுமார் 160 கிலோ. 18 மி.மீ. பிளைவுட் முழுத்தாள் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும், 12 மி.மீ. தாள் 20. இரண்டு பக்கச் சுவர், தரை, கூரை, சமையல் அலமாரி என்று மரம் மட்டும் 130 கிலோ ஆகிவிடும். கதவு, ஜன்னல், அலுமினியத் தகடு, மெத்தை, 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி எல்லாம் சேர்த்து 85. மொத்தம் 375. தண்ணீர், கேஸ், அரிசி பருப்பு, போர்வைக்கு 155 கிலோ மிச்சம். 10 அடி நீளமும் 5 அடி அகலமும் வைத்தால் தரைப்பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். இதே கட்டுமானத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே 530ஐத் தொட்டிருப்பீர்கள்.

காரின் கைப்புத்தகத்தையும் புரட்டுங்கள். இழுக்கும் எடைக்குச் சட்டத்தைவிடக் குறைந்த எல்லை அதில் போட்டிருந்தால் அதற்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

லெனேசியா வாசகர்: பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருக்கிறேன், எடை பற்றிக் கவலையில்லை. வீட்டில் இருக்கும் டபுள் மெத்தையை அப்படியே உள்ளே போட முடியுமா?

4 அடி அகலத்தில் முடியாது. நம் கடைகளில் விற்கும் டபுள் மெத்தை 137 செ.மீ. அகலம், 188 நீளம். பிளைவுட் தாளின் அகலம் 122. முக்கால் மெத்தை 107 என்பதால் அது நுழையும், ஆனால் இருவருக்கு நெருக்கம். 4 அடியில் கட்டுகிறவர்கள் உள்பக்க லைனிங் போக 119க்கு 190 அளவில் 10 செ.மீ. தடிமன் ஃபோம் வெட்டி வாங்குவதே நல்லது.

டபுள்தான் வேண்டுமென்றால் தரை 5 அடி, அதாவது 152 செ.மீ. அந்த அகலத்தைப் பார்த்ததும் குவீன் மெத்தைக்கு ஆசை வரும், அதுவும் 152தானே என்று. உள்பக்கம் லைனிங் அடித்த பிறகு அது 149 ஆகிவிடும். மெத்தை வாழைப்பழம்போல் வளைந்து நிற்கும். சக்கரங்கள் உடலுக்கு வெளியே வருவதால் இருபுறமும் மட்கார்டுக்கு 22 செ.மீ. வீதம் சேருங்கள். 4 அடி டிரெய்லர் 1.66 மீட்டர், கார் அகலத்துக்குள் அடங்கும். 5 அடி 1.96 மீட்டர். பக்கிக்கு அது பொருந்தும், சின்னக் காருக்குப் பின்னால் கட்டினால் கூடுதல் கண்ணாடி மாட்டாமல் பின்னால் வருவது தெரியாது.

டொங்காட் வாசகர்: 8 அடியில் கட்டி முடித்தாயிற்று. வெறுமனே இழுத்தால் நன்றாக வருகிறது. சமையல் சாமான் ஏற்றி என்3 சாலையில் 90க்கு மேல் போனால் வால் ஆட்டுகிறது. டயர் மாற்றவா?

டயர் மேல் பழி போடாதீர்கள். சமையலறை பின்னால் இருப்பதுதான் இந்த வகை டிரெய்லரின் அழகு, கோளாறும் அதுதான். காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, டிரெய்லர் 480 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு 2.6 மீட்டர், எடை மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால். 480ஐ 0.3ஆல் பெருக்கி 2.6ஆல் வகுத்தால் கொக்கியில் 55 கிலோ, அதாவது 11.5 சதவீதம். சரி. இப்போது பிரியாணி தேக்சா, அடுப்பு, தண்ணீர் என்று 40 கிலோவை அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் ஏற்றுகிறீர்கள். கொக்கி 17 கிலோ லேசாகிறது. மிச்சம் 38, மொத்தமோ 520 ஆகிவிட்டது, 7 சதவீதம்தான். லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும் காற்றே வாலை அசைக்கப் போதும்.

குளியலறைத் தராசைத் தரையில் வைத்து, மேலே மரக்கட்டை நிறுத்தி, கொக்கி உயரத்தில் டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி இறக்கிப் பாருங்கள். பயணத்துக்கு ஏற்றுகிற எல்லாச் சாமானும் உள்ளே இருக்கட்டும். வெற்று டிரெய்லரை நிறுத்துப் பயனில்லை. தண்ணீர்க் குடத்தையும் பேட்டரியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் அச்சை 10 செ.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். போல்ட் போட்ட அச்சென்றால் அரைநாள் வேலை, வெல்டிங் செய்திருந்தால் பாவம்தான். காரின் டோபார் (இழுவைக் கம்பி) தாங்கும் எல்லையைக் கொக்கி எடை மீறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: உள்ளே நிற்கிற மாதிரி 6 அடி உயரம் வைத்தால் என்ன?

அப்போது அது கேரவன், வேறு கணக்கு. பக்கச் சுவரை ஒரே பிளைவுட் தாளில் அறுத்தால் உயரம் 122 செ.மீ.; தரை, மெத்தை, கூரைத் தடிமன் போக உள்ளே 105 வரை கிடைக்கும். வளைவின் உச்சிக்கு நேர்கீழே நிமிர்ந்து உட்காரலாம், கால் பக்கம் முடியாது. எனவே உச்சி, தலையணையிலிருந்து 60 செ.மீ. தள்ளி, நீங்கள் உட்காரும் இடத்துக்கு மேல் வரும்படி வளைவை வரையுங்கள். கராஜ் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஃபோமை விரித்து, அட்டைப்பெட்டியில் வளைவை வெட்டி நிறுத்தி, இருவரும் உள்ளே படுத்துப் பாருங்கள். பிளைவுட் அறுத்த பிறகு வரும் ஞானத்துக்கு விலை அதிகம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: என்னிடம் சாதாரணக் கார் ஓட்டும் கோட் பி லைசென்ஸ்தான் இருக்கிறது. போதுமா?

டிரெய்லரின் ஜிவிஎம் 750 கிலோ வரை போதும். அதற்கு மேல் கோட் இபி வேண்டும், ஓவர்ரன் பிரேக்கும் (கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக்) பொருத்த வேண்டும். பார்ப்பது டிரெய்லரின் தகட்டில் பொறித்த ஜிவிஎம்; அன்றைக்கு என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்பதல்ல. எண்ணும் பத்திரமும் உள்ள சேஸிஸ் வாங்கும்போது ‘பலமாக இருக்கட்டுமே’ என்று 1,000 கிலோ தகட்டை எடுத்துவிடாதீர்கள்.